காம்பராவுக்குள் இருக்கும் நஞ்சும் வாசலில் வளரும் கீரையும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தின் பணிய லயத்துக்குப் பிள்ளைகளின் நிறை பார்க்கப் போயிருந்தோம். இரண்டு வயதுப் பையன் ஒருவன் தாயின் தோளில் துவண்டு கிடந்தான். "என்னாம்மா, போன தடவை துள்ளிக்கிட்டு இருந்தானே?" என்று கேட்டோம்.

"ஆஸ்பத்திரியில அஞ்சு நாளு வச்சிருந்தாங்கங்க. சோடாப் போத்தல்ல மண்ணெண்ணெய ஊத்தி அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். தண்ணின்னு நெனச்சுக் குடிச்சுப்புட்டான். எங்க மாமி உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வச்சாங்க. அதுக்கப்புறந்தாங்க மூச்சு வாங்க ஆரம்பிச்சது" என்றார் அந்தத் தாய்.

மாமியாரைக் குறை சொல்ல முடியாது. நஞ்சு குடித்தால் வாந்தி எடுக்க வை என்றுதான் நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் கிடந்து செய்கிற கெடுதியை விட, வாந்தியோடு மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிச் செய்கிற கெடுதி பெரிது. நுரையீரல் வெந்து போகும். கக்கூஸ் கழுவும் அசிட்டும் அப்படித்தான். உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை வெளியே வரும்போது இன்னொரு தடவை சுடும். ஆகவே இவற்றைக் குடித்த பிள்ளைக்கு வாந்தி வர வைக்கவே கூடாது. உப்புத் தண்ணியும் வேண்டாம், தேங்காய்ப் பாலும் வேண்டாம். வாயைத் துடைத்து, நனைந்த உடுப்பைக் கழற்றி, 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுங்கள். குடித்த போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். என்ன குடித்தான் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அன்றைக்கு அந்தத் தாயோடு சேர்ந்து அவருடைய காம்பராவைச் சுற்றிப் பார்த்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதற்குள் மண்ணெண்ணெய்ப் போத்தல், கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிரே, நுளம்புச் சுருள், பெட்டிக்குள் பூச்சி உருண்டை, பிளீச்சிங் பவுடர், எலிப் பாஷாணம், கட்டிலுக்கு அடியில் பெயர் தெரியாத ஒரு மருந்து கால் போத்தல். "இம்புட்டுமா நம்ம வீட்டுல இருக்கு?" என்று அவருக்கே ஆச்சரியம். உங்கள் வீட்டிலும் இன்று இரவு ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.

போத்தல் விசயம்

முதல் வேலை ஒரு சதமும் செலவில்லாத வேலை. குடிக்கிற போத்தலில் குடிக்கக்கூடாததை ஊற்றாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் போத்தலின் உருவந்தான் லேபல். சோடாப் போத்தலைப் பார்த்தால் அதற்குள் சோடா இருக்கும் என்றுதான் அது நினைக்கும். மண்ணெண்ணெய் வைக்கத் தனியாக ஒரு கேன், இறுக்கமான மூடி, பெரியவர்கள் கையை நீட்டினால் மட்டும் எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி. இது போதும்.

இரண்டாவது, மருந்து வந்த போத்தலும் கேனும் வீட்டுக்கு வரவே கூடாது. பீலியில் தண்ணீர் பிடிக்க நல்ல கனமான கேன் என்று சிலர் கொண்டு வருகிறோம். மூன்று தடவை கழுவினோம், வாடை இல்லை என்கிறோம். பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாடை போவதும் நஞ்சு போவதும் ஒன்றல்ல. வெறும் கேனை ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை ஓட்டை போட்டு உதவாமல் செய்து ஒதுக்குவது தோட்டத்தின் பொறுப்பு. அப்படி நடக்கவில்லை என்றால் தலைவர்மார் கேட்க வேண்டும்.

உரம் வந்த பையும் இதே கணக்குத்தான். அதில் மாவோ அரிசியோ கட்டி வைக்கக்கூடாது.

மூன்றாவதாக ஒன்று, சொல்லவும் கஷ்டம், சொல்லாமல் விடவும் முடியாது. 1995 இல் நமது நாட்டில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அதில் பெரும் பங்கு கிருமிநாசினியால் வந்தது. மிகக் கடுமையான மருந்துகளை 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்பு 2008 தொடக்கம் 2011 வரையிலும் அரசாங்கம் படிப்படியாக நிறுத்திய பிறகு அந்தக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மனிதருடைய கவலை தீர்ந்துவிடவில்லை. கோபமும் துக்கமும் தலைக்கு ஏறிய நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தச் சாமான் இல்லை, அவ்வளவுதான். ஆகவே கட்டிலுக்கு அடியில் கால் போத்தல் மருந்து எதற்கு? இன்றே அதை ஸ்டோரில் ஒப்படையுங்கள். மனசு தாங்காத நேரத்தில் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

மலையிலிருந்து வீட்டுக்கு வருவது

மருந்தடிக்கிற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. வீட்டு வாசலில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளையை அந்த உடுப்போடு தூக்காதீர்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். முதலில் பீலியில் சவர்க்காரம் போட்டுத் தலையோடு குளியுங்கள், பிறகு ஆசை தீரத் தூக்குங்கள். அந்த உடுப்பை வீட்டு உடுப்புகளோடு ஊறப் போடாமல் தனி வாளியில் கழுவித் தனியாகக் காய வைக்க வேண்டும். இதைச் செய்யப் போகிறவர் பெரும்பாலும் அக்காமார்தான் என்பது நமக்குத் தெரியும். அதனால் உங்களிடமும் சொல்கிறோம். கர்ப்பமாக இருக்கிறவர் அந்த உடுப்பைத் தொட வேண்டாம். அடித்தவரே கழுவட்டும். அதில் ஒன்றும் மரியாதை குறைந்துவிடாது.

இனி, கீரை. கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது தேயிலைக்கு இடையில் முளைத்த மணத்தக்காளி, குப்பைக்கீரை, கான் ஓரத்து வல்லாரை இவற்றை மடியில் பறித்துக்கொண்டு வருவது நம்முடைய பழக்கம். நல்ல பழக்கம். கடையில் காசு கொடுத்து வாங்குகிறதை விடச் சத்தானது. ஆனால் இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. புல்லுக்கு அடிக்கிற கிளைபோசேட் என்ற மருந்து அடித்த உடனே புல்லைக் கருக்காது. இலை வழியாக உள்ளே இறங்கி வேருக்குப் போய்த்தான் கொல்லும். அதற்கு நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கீரை பச்சைப் பசேலென்றுதான் நிற்கும்! இலைக்கு உள்ளே போன மருந்து கழுவினாலும் போகாது, அவித்தாலும் போகாது.

இந்த மருந்தை 2015 இல் நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். 2021 இல் எல்லா இரசாயனத்தையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள், 2022 இல் இதைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015 இல் இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று வகுத்தது. வேறு பல நாட்டு அதிகாரிகள் அப்படி இல்லை என்கிறார்கள். பெரியவர்கள் வாதாடட்டும். நமது சட்டிக்குள் அது வராமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. எந்த மலைக்கு என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று காலையில் பெரட்டில் கேட்டு வையுங்கள். அடித்த மலையிலும், அதற்குப் பணியத் தண்ணீர் ஓடி வருகிற கானிலும் அந்த மாதம் கீரை பறிக்காதீர்கள். குடிதண்ணீர் எடுக்கிற ஊற்றுக்கு மேலே மருந்து அடிப்பதைக் கண்டால் அதைத் துரையிடம் சொல்வது நம் உரிமை. கெஞ்ச வேண்டிய விசயம் அல்ல.

வீட்டுச் சாமான்கள்

எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் கெட்டது என்று நினைத்து வயிற்றோட்டம் வந்த வீட்டில் கக்கூஸை வெறும் தண்ணீரால் கழுவினால் பக்கத்துக் காம்பராவுக்கும் நோய் போகும். தேவையான நேரத்தில் தேவையான அளவு பாவியுங்கள். ஆனால் பிளீச்சையும் கக்கூஸ் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. "ரெண்டும் சேர்ந்தா இன்னும் வெள்ளையா வரும்" என்று ஒரு தங்கச்சி சொன்னார். வெள்ளையாக வராது, குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத சின்னக் கக்கூஸுக்குள் அது மூச்சை அடைக்கும். சாதாரண நாட்களுக்குச் சவர்க்காரத் தூளும் தென்னந்தும்புப் பிரஷும் போதும். அப்பச்சோடாவை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் அலுமினியச் சட்டியைத் தவிர மற்றச் சட்டி, பீங்கான், தேத்தண்ணிக் கறை எல்லாம் போகும். அடுப்புச் சாம்பலை நாம் மறந்துவிட்டோம், அதுவும் நல்ல சாமான்தான்.

நுளம்புச் சுருளைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு சுருள் முழுக்க எரியும்போது வருகிற நுண்ணிய புகைத்தூள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைத்தூளுக்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பச்சைப் பிள்ளையோடு படுக்கிற காம்பராவில் அது எரிகிறது. வலை கட்டிப் படுப்பது நல்லது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதால் பகலில் தூங்குகிற பிள்ளைக்கும் வலை வேண்டும். வாரம் ஒரு தடவை தண்ணீர் தேங்குகிற சிரட்டை, டின், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தால் சுருள் வாங்குகிற காசும் மிஞ்சும்.

பூச்சி உருண்டையை மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் போடுகிறார்கள். அது இரத்தத்தைக் கெடுக்கும். வெயிலில் காய வைத்த உடுப்புக்கு அது தேவையே இல்லை. அடுப்புப் பற்ற வைக்கச் சிலிசிலி பேக் போடுவதையும் விட்டுவிடுங்கள். அந்தப் புகையைக் குனிந்து ஊதுவது நீங்கள், முதுகில் இருப்பது உங்கள் பிள்ளை.

கடையில் வாங்குகிற மரக்கறி

நுவரெலியாப் பக்கம் லீக்ஸ், கோவா, கரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் எத்தனை தடவை மருந்தடிக்கிறார்கள் என்று அங்கே கூலிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பிடுங்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்தின் லேபலிலும் இருக்கிறது. விலை ஏறுகிற அன்றைக்கு அந்த நாட்கணக்கை எல்லோரும் பார்ப்பதில்லை.

அதற்காக மரக்கறி சாப்பிடாமல் இருந்தால் அது பெரிய முட்டாள்தனம். கோவாவின் வெளி இலை இரண்டு மூன்றைக் கழித்துவிடுங்கள். ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கரட்டைச் சுரண்டுங்கள். லீக்ஸைப் பிளந்து மடிப்புக்குள் கழுவுங்கள். 2017 இல் அமெரிக்காவில் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது தோலின் மேலிருந்த மருந்து நன்றாகப் போயிருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி அளவு. தோலுக்கு உள்ளே இறங்கிய மருந்து அதற்கும் போகவில்லை. ஆகவே கழுவுவது ஓரளவுக்குத்தான். முழுசாக நம்பக்கூடியது நம் கையால் வளர்த்தது ஒன்றுதான்.

வாசல் தோட்டம்

"இயற்கை உணவுன்னா டவுன்ல பெரிய கடையில பணக்காரங்க வாங்குறதுங்க" என்று ஓர் அண்ணன் சொன்னார். அந்தப் பெயர் போட்ட பக்கெட்டின் விலை நமக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் லயத்துக்கு முன்னால் ஆறடி மண் இருக்கிறது. 7 பேர்ச் காணியோடு வீடு கிடைத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. 2021 இல் உரம் ஒரே நாளில் நின்றபோது நாடு தடுமாறியதை மறந்திருக்க மாட்டோம். தேயிலையும் நெல்லும் விழுந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை எடுக்க வேண்டி வந்தது. பெரிய மலையை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆறடி பாத்தியை மாற்றலாம்.

பலர் எங்களிடம் சொல்கிற குறை இது: "நட்டோம், வரல்லீங்க. உரம் போட்டாத்தான் வரும்." காரணம் உரம் மட்டுமல்ல. தேயிலை புளிப்பு மண்ணில் வாழ்கிற செடி. நமது மலை மண் அந்தப் புளிப்பு மண்தான். போஞ்சியும் பீட்ரூட்டும் கீரையும் அவ்வளவு புளிப்பைத் தாங்காது. கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் போடுவது எதற்கு? அளவுக்கு மீறிய புளிப்பை இறக்கத்தான். வீட்டுப் பாத்திக்கு அந்த வேலையை அடுப்புச் சாம்பல் செய்யும். நாலடி நீள பாத்திக்கு இரண்டு கை சாம்பலை நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் தூவி மண்ணோடு கிண்டி விடுங்கள். இதில் மூன்று கவனம். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் ஆகாது. உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சாம்பல் வேண்டாம், கிழங்கில் சொறி வரும். கோழி எருவோடு சேர்த்துச் சாம்பலைப் போட்டால் எருவின் சத்து காற்றோடு போய்விடும், ஆகவே வேறு வேறு நாளில் போடுங்கள்.

எருவுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். ரோட்டோரத்தில் மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தியின் இலை, கிளிரிசிடியா இலை, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, மாட்டுச் சாணம் இவற்றை அடுக்கடுக்காக மூன்றடி உயரத்துக்குப் போட்டு மூடி வையுங்கள். மூடாமல் விட்டால் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போகும். நாங்கள் முதலில் செய்த குவியலுக்கு அதுதான் நடந்தது. மூன்று மாதம் காத்திருந்து பார்த்தால் வெறும் சக்கை! இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை புரட்டுங்கள். பணிய தோட்டங்களில் மூன்று மாதத்தில் எருவாகும். குளிர் கூடின மேல் தோட்டங்களில் இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

என்ன நடுவது? குளிருக்குப் போஞ்சி, பீட்ரூட், ராபு, கோவா, வெங்காயத்தாள். வேலியில் சௌசௌ ஒரு கொடி, ஒரு லயமே சாப்பிடலாம். முருங்கையும் கறிவேப்பிலையும் குளிர் மலையில் ஏங்கிப் போகும், பணிய தோட்டத்தார் தாராளமாக வையுங்கள். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரம் இருந்தால் எங்கேயும் வரும். இடமே இல்லாதவர்கள் பழைய அரிசிச் சாக்கில் மண் நிரப்பி இஸ்தோப்புப் படியில் வைக்கலாம். சரிவில் பாத்தி போட்டால் மலைக்குக் குறுக்கே போட்டுக் கல் அணை வையுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே பாத்தி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தார் ஜூன், ஜூலைப் பெருமழையில் நாற்று நட வேண்டாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்.

பூச்சி வரத்தான் செய்யும். அசுவினிக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீவிய சவர்க்காரம் கரைத்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். பூண்டும் கொச்சிக்காயும் அரைத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது, கண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள். கோவாப் புழுவைக் கையால் பொறுக்க வேண்டியதுதான். நத்தைக்கு இரவு டோர்ச்சோடு போனால் பிள்ளைகளே வாளி நிறையப் பிடித்து விடுவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. பாத்தி ஓரத்தில் செண்டுப்பூ வைத்தால் வேரைத் தின்கிற சில நுண்புழுக்கள் குறையும், சாமிக்கும் பூ ஆகும். ஒரு விசயத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறோம். முதல் போகம் சுமாராகத்தான் வரும். இலையில் ஓட்டை இருக்கும். கடைக் கீரையைப் போலப் பளபளப்பாக இருக்காது.

சாப்பிடும்போது இன்னொன்று. கீரையில் உள்ள இரும்புச் சத்தைத் தேத்தண்ணி உடம்பில் சேர விடாது. தேயிலைக்காரர்களாகிய நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! ரொட்டியும் கீரையும் சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் சத்து நன்றாகச் சேரும். இரத்தம் குறைவு என்று மருத்துவிச்சி சொன்ன அக்காமார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவர் தருகிற குளிசையையும் நிறுத்தக்கூடாது.

அந்தப் பணிய லயத்துத் தாய் இப்போது மண்ணெண்ணெயைக் கேனில் ஊற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். வாசலில் ஒரு பாத்தி பொன்னாங்காணி. தண்டை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் ஒரு கிழமையில் வேர் விடும் என்பதால் விதை வாங்க வேண்டியதில்லை. பக்கத்து லயத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்து நாலு தண்டு கேட்டு வாங்குங்கள். மருந்து அடித்த மலை ஓரத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.